எஃப்சிசி, சிஇ, டெக்: ஒரே ரவுட்டர், மூன்று சட்டம்

ஒரு வை-ஃபை ரவுட்டரைத் தயாரித்து அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா மூன்றிலும் விற்கவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சிப் ஒன்றுதான், ஆன்டெனாவும் ஒன்றுதான். ஆனாலும் அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் சான்று கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் வெறும் பேப்பர் வேலை என்று நினைத்து இறங்குகிறவர்களுக்குத்தான் பணமும் மாதங்களும் வீணாகின்றன.

அமெரிக்காவில் வை-ஃபை, புளூடூத் மாதிரி ரேடியோ உள்ள பொருள் விற்பனைக்கு வருவதற்கு முன்பே சான்று வாங்கியாகவேண்டும். எஃப்சிசி உட்கார்ந்து சோதிப்பதில்லை; அங்கீகாரம் பெற்ற லேப் சோதிக்கும், டிசிபி என்கிற சான்றளிப்பு நிறுவனம் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சான்று கொடுக்கும். அப்புறம் பொருளுக்கு ஓர் ஐடி கிடைக்கும். அந்த ஐடியை எஃப்சிசி தளத்தில் போட்டால் சோதனை ரிப்போர்ட்டிலிருந்து, பெட்டியைத் திறந்து எடுத்த உள்படங்கள் வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மூன்று முறைகளிலும் எனக்கு மிகப் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் ரவுட்டர் வெளியே எவ்வளவு அலையை விடுகிறது என்பதோடு எஃப்சிசி நின்றுவிடும். வெளியிலிருந்து வரும் தொந்தரவை அது தாங்குமா என்று கேட்காது. ஐரோப்பா கேட்கும். ஸ்டேட்டிக் மின்சாரத்தைத் தொட்டு 4 கிலோவோல்ட், காற்று வழியாக 8 கிலோவோல்ட் அடித்துப் பார்ப்பார்கள். பக்கத்தில் வலுவான ரேடியோ அலையை விட்டுப் பார்ப்பார்கள். மின்கம்பியில் சர்ஜ் என்கிற திடீர் மின்னழுத்த எகிறலை ஏற்றிப் பார்ப்பார்கள். அமெரிக்காவில் சுலபமாகப் பாஸான போர்டு இந்தச் சோதனைகளில் ரீசெட் ஆகி நிற்கலாம், அதைச் சரிசெய்ய பிசிபி என்கிற சர்க்யூட் பலகையையே திரும்ப வரையவேண்டி வரலாம்.

இவ்வளவு கேட்கிற ஐரோப்பா சான்றிதழ் என்று எதையும் தருவதில்லை. அங்கீகரிக்கப்பட்ட தரநிலைகளை முழுதாகப் பின்பற்றினால் தயாரிப்பாளரே உறுதிமொழி எழுதி, ஐரோப்பிய விதிகளுக்கு ஏற்றது என்று காட்டும் சிஇ முத்திரையைப் போட்டுக்கொள்ளலாம், ஆவணங்களைப் 10 ஆண்டு வைத்திருக்கவேண்டும், அதிகாரிகள் கேட்டால் காட்டவேண்டும். சின்னக் கம்பெனிக்கு இது பெரிய வசதி. ஆனால் வாங்குகிறவர் அந்த ரிப்போர்ட்டைப் பார்க்க வழியில்லை, முத்திரையை நம்பவேண்டியதுதான். 2025 ஆகஸ்ட் 1 முதல் இணையத்தில் இணையும் ரேடியோ கருவிகளுக்கு சைபர் பாதுகாப்பு விதிகளும் சேர்ந்திருக்கின்றன.

அலையின் வலுவிலும் இடைவெளி பெரிது. 2.4 கிகாஹெர்ட்ஸில் அமெரிக்கா 1 வாட் வரை விடுகிறது, ஆன்டெனா பலம் அதற்கு மேல் தனி. ஐரோப்பாவிலோ ஆன்டெனாவையும் சேர்த்து மொத்தமே 100 மில்லிவாட். அதனால் ஃபர்ம்வேரில், அதாவது கருவிக்குள் இருக்கும் மென்பொருளில், எந்த நாடு என்கிற அமைப்பைப் பூட்டி வைக்கவேண்டும். பயனர்கள் நாட்டு அமைப்பை மாற்றி, அனுமதித்த அளவுக்கு மேல் அலையை விட முடிந்ததால் 2016-ல் ரவுட்டர் கம்பெனியான டிபி-லிங்க் எஃப்சிசிக்கு 2 லட்சம் டாலர் கட்டவேண்டி வந்தது.

இந்தியாவுக்கு வந்தால் ஒரே பொருளுக்குப் பல வாசல்கள். ரேடியோவுக்கு அலைவரிசைகளைக் கவனிக்கும் டபிள்யூபிசியின் அனுமதி, அடாப்டருக்கு இந்தியத் தர நிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் பதிவு, தொலைத்தொடர்புக் கருவி என்பதால் தொலைத்தொடர்புப் பொறியியல் மையமான டெக்கின் சான்று. டெக்கின் கட்டாயச் சோதனை 2017 விதிகளில் பிறந்து 2019 அக்டோபரில் படிப்படியாக அமலுக்கு வரத் தொடங்கியது. ரவுட்டர்களுக்குப் பாதுகாப்புச் சோதனையும் பின்னால் சேர்ந்தது. உள்நாட்டு லேபில் சோதிக்கச் சொல்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, நம் நெட்வொர்க்கில் செருகப்படும் பொருளை நாமே பார்ப்பது சரிதான். ஆனால் மூன்று அமைப்புகள் தனித்தனியாகக் கேட்பது சின்னத் தயாரிப்பாளரை நசுக்குகிறது. மொபைல் போன், ஸ்மார்ட் வாட்ச் போன்றவற்றை 2022-ல் டெக் பட்டியலிலிருந்து விடுவித்த மாதிரி மற்றவற்றிலும் இரட்டை வேலையை வெட்டவேண்டும். அதோடு சோதனை ரிப்போர்ட்டுகளை எஃப்சிசி மாதிரி பொதுவில் போடவேண்டும்.

பேப்பரால் சரிசெய்யவே முடியாத வித்தியாசமும் உண்டு. குறைந்த மின்சாரத்தில் வெகுதூரம் சிக்னல் அனுப்பும் லோரா போர்டுகள் அமெரிக்காவில் 902 முதல் 928 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 868, இந்தியாவில் 865 முதல் 868. மலிவாகக் கிடைக்கிறதே என்று 915 மெகாஹெர்ட்ஸ் போர்டை ஆன்லைனில் வாங்கி வயலில் சென்சார் வைத்தால் அது இங்கே சட்டவிரோதம்.

எந்த வரிசையில் போவது என்று கேட்டால், டிசைனை ஐரோப்பாவின் தாங்குதிறன் சோதனையை மனத்தில் வைத்துச் செய்யுங்கள். அதில் தேறும் போர்டு இந்தியாவின் அதேபோன்ற சோதனையிலும் அதிகம் தடுமாறாது. ஆனால் இந்திய லேபில் தேதி கேட்பதை மட்டும் முதல் நாளே தொடங்கிவிடுங்கள்.