கார்ன் கேப், கட்டு, டாக்டர்: எந்தக் காலுக்கு எது?

கால் ஆணி வந்தால் நம் வேலூர்ப் பக்கம் மூன்று வழி. வீட்டிலேயே பிளேடால் சீவுவது, மெடிக்கலில் கார்ன் கேப் வாங்கி ஒட்டுவது, டாக்டரிடம் போவது. பெரும்பாலும் இதே வரிசையில்தான் போகிறோம். எது சரி என்பது ஆணியைப் பொறுத்ததல்ல; அந்தக் காலில் உணர்ச்சி இருக்கிறதா என்பதைப் பொறுத்தது.

சர்க்கரை இல்லாத, ரத்த ஓட்டம் நன்றாக உள்ள காலுக்குக் கார்ன் கேப் மோசமில்லை. அதிலுள்ள சாலிசிலிக் அமிலம் தடித்த தோலை ஊறவைத்து உரித்துவிடும். செருப்பு அழுத்துவது நிற்காவிட்டால் ஆணி திரும்ப வரும், அவ்வளவுதான். இரு பக்கமும் சேர்த்துக் கிள்ளும்போது அதிகம் வலித்து, உள்ளே கரும்புள்ளிகளும் தெரிந்தால் அது பெரும்பாலும் மரு. தோல் டாக்டரிடம் காட்டலாம். சர்க்கரைக்காரருக்குக் கேப் வேண்டவே வேண்டாம். அமிலம் நல்ல தோலையும் சேர்த்துத் தின்னும், மரத்த காலுக்கு அது தெரியாது. பிளேடு? யாருக்குமே வேண்டாம்.

பித்தவெடிப்புக்கு ராத்திரி வாசலினே போதும். ரத்தம் கசிந்தால் மட்டும் டாக்டர். காலையில் முதல் அடி வைக்கும்போது சுளீரென்று வலிக்கும் குதிகாலுக்கு ஊசியைவிடக் கெண்டைக்கால், பாத நீட்டல் பயிற்சியும், கிரானைட் தரையில் வெறுங்காலோடு நடக்காமல் இருப்பதும் முதலில். குணமாகச் சில மாதம் ஆகும், பொறுமை வேண்டும்.

வலிக்கிற கால் தானே ஆளை டாக்டரிடம் கூட்டிப் போய்விடும். பயப்பட வேண்டியது வலிக்காத காலுக்குத்தான். இந்தப் பாடத்தைப் படித்த ஊரே நம்முடையது. 1946-இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் பாதம் அழிவதற்குக் காரணம் உணர்ச்சி போனபின் தெரியாமலே படும் காயங்கள்தான் என்று காட்டினார். சர்க்கரையால் மரத்த காலுக்கும் அதே கதைதான். எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலர் ரப்பர்) என்ற மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்த செருப்பு பரவியதும் வேலூரிலும் காட்பாடிக்குப் பக்கத்துக் கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியிலும் நடந்த அந்த வேலையிலிருந்துதான்.

செருப்பையும் ஒப்பிட்டுவிடலாம். ஹவாய் விலை குறைவு, ஆனால் விரலிடுக்கில் உரசும். மரத்த காலிலிருந்து கழன்று விழுந்தாலும் தெரியாது. தோல் ஷூவுக்கு ஆம்பூர் பேர் போனதுதான், ஆனால் முனை குறுகினால் விரல் நசுங்கும், உள்ளே ஒரு கல் கிடந்தாலும் தெரியாது. எம்.சி.ஆர். பார்க்க அழகில்லை (கல்யாணத்துக்குப் போட்டுப் போக யாரும் ஒத்துக்கொள்வதில்லை), ஆனால் மெத்தென்ற அடிப்பாகம் அழுத்தத்தைப் பரப்பும், பின்பட்டை காலைப் பிடித்துக்கொள்ளும். மரத்த கால் என்றால் என் ஓட்டு இதற்கே. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் சுற்றுவதும் கால் மரத்தவர்களுக்கு வேண்டாம்.

கால் மரத்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, இரு கால்களிலும் கட்டைவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை மெல்லத் தொடுங்கள், அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டு தொடுதல் தெரியவில்லை என்றாலே டாக்டரிடம் போக வேண்டும்.

அடுத்து கட்டு. கால் வீங்கினால் சுளுக்கு என்று புத்தூர் கட்டுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. சர்க்கரைக்காரருக்கு ஒரு பாதம் மட்டும் வீங்கி, சிவந்து, மற்றதைவிடச் சூடாக இருந்து வலியும் பெரிதாக இல்லையென்றால் அது எலும்பே நொறுங்கும் நோயாக இருக்கலாம். அதில் நடக்க நடக்கப் பாதத்தின் வடிவமே போய்விடும். காலை ஊன்றாமல் டாக்டரிடம்தான் போக வேண்டும்.

எந்த டாக்டர்? பாதத்துக்கென்றே தனிப் படிப்பு படித்த போடியாட்ரிஸ்ட் நம் பக்கம் அபூர்வம். பெரிய ஆஸ்பத்திரி என்றால் சர்க்கரைப் பாதத்துக்குத் தனிப் பிரிவு உண்டா என்று கேளுங்கள், இல்லையென்றால் சர்ஜன். புண் கறுத்தாலோ, நாற்றமடித்தாலோ, சிவப்பு மேலே ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ ஓபி சீட்டுக்கு மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்று ராத்திரியே எமர்ஜென்சிக்குப் போங்கள்.