முதல் பைக், ஏழு மாதம், இரண்டு கீறல்

12 வருடம் கியர் இல்லாத ஸ்கூட்டர் ஓட்டியவள் நான். வயது 43, உயரம் 155 செ.மீ. ஏழு மாதத்துக்கு முன்னால் ஒரு செகண்ட் ஹேண்ட் பைக் வாங்கினேன். 149 சிசி, ஒற்றை சிலிண்டர், கார்புரேட்டர், ஐந்து கியர். முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஏபிஎஸ், அதாவது பிரேக்கை அழுத்திப் பிடித்தாலும் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் வசதி, கிடையாது. எடை 145 கிலோ, சீட் உயரம் 790 மி.மீ. கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் பேச்சு அந்தக் கம்பெனி உசத்தியா இந்தக் கம்பெனி உசத்தியா என்று போய்விடும். இந்த மாதிரி வண்டி ஒரு காலத்தில் பல கம்பெனிகளிடம் இருந்தது. முதல் பைக்காக இப்படி ஒன்றை வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் நாள் 11 தடவை வண்டி ஆஃப் ஆனது. தம்பி பின்னால் நடந்துகொண்டே எண்ணினான். ஒவ்வொரு தடவையும் "கிளட்ச்ச மெதுவா விடுக்கா" என்றான். மெதுவாகத்தான் விட்டேன். எவ்வளவு மெதுவாக என்பதில்லை பிரச்சினை, எங்கே மெதுவாக என்பதுதான் என்று புரிய ஒரு வாரம் ஆனது.

கிளட்ச் லீவர் முழுத் தூரமும் வேலை செய்வதில்லை. கைப்பிடியோடு ஒட்டப் பிடித்திருக்கும்போது எஞ்சினுக்கும் கியருக்கும் தொடர்பே கிடையாது. விட்டுக்கொண்டே வந்தால் பாதி வரை ஒன்றும் நடக்காது. அப்புறம் ஓர் இடம் வரும், உள்ளே எண்ணெயில் ஊறிக் கிடக்கும் தட்டுகள் ஒன்றோடொன்று உரசி இழுக்க ஆரம்பிக்கும். எஞ்சின் சத்தம் ஒரு சுருதி இறங்கும், முன்பக்கம் லேசாக அசையும். அந்த இடத்தில்தான் கை நின்று நிதானிக்க வேண்டும். அதற்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு வேகமாக விட்டாலும் வண்டி கவலைப்படாது. நான் செய்ததோ நேர்மாறு. ஒன்றும் நடக்காத பாதியில் பயபக்தியோடு விட்டு, பிடிக்கிற இடம் வந்ததும் பதறிக் கையை எடுத்துவிடுவேன்.

சரியானது ஒரு பயிற்சியால். சமதரையில் ஆக்சிலரேட்டரைத் தொடாமல், முதல் கியரில், கிளட்ச்சை மட்டும் விட்டு வண்டியை நகர்த்துவது. ஐட்லிங்கிலேயே மெல்ல ஊர்ந்து போகும். மறுபடி பிடித்து நிறுத்துவது. நாளுக்கு ஐம்பது தடவை. நான்காம் நாள் இடது கைக்கு அந்த இடம் இருட்டில் சுவிட்ச் தேடுகிற மாதிரி தானாகத் தெரிந்துவிட்டது. இந்த வண்டிக்கு நான் கொடுக்கும் முதல் மதிப்பெண் இதற்குத்தான். ஆக்சிலரேட்டர் இல்லாமலே நகர்கிற அளவுக்குக் கீழ்வேகத்தில் இழுவை இருக்கிறது, அணைவதற்கு முன்னால் குலுக்கி எச்சரிக்கவும் செய்கிறது. புதிதாக ஓட்டுகிறவருக்கு 14 குதிரைத்திறனா 20 குதிரைத்திறனா என்பதைவிட இதுதான் முக்கியம். டெஸ்ட் ரைடு போகும்போது வேகத்தைப் பார்க்காதீர்கள், இதைச் செய்து பாருங்கள்.

எனக்கு விரல் குட்டை. பிடிக்கிற இடம் லீவர் வெளியே விரிந்த பக்கமாக இருந்தால், விரல் நுனியால்தான் அதைத் தாங்க வேண்டியிருக்கும். நுனியில் நிதானம் வராது. கேபிளில் ஒரு திருகு இருக்கிறது, லீவர் பக்கத்திலேயே. அதைத் திருகினால் லீவர் முனையில் உள்ள லூஸ் கூடும் குறையும். பெரும்பாலான பைக்குகளுக்கு அது 10 முதல் 20 மி.மீ. இருக்க வேண்டும். என்னுடையது 10இல் இருந்தது, 20க்குக் கொண்டுவந்தேன். பிடிக்கிற இடம் கைப்பிடிக்குக் கிட்டே வந்தது. அதற்கு மேல் லூஸ் வைத்தால் கிளட்ச் முழுசாக விடுபடாது, கியர் மாற்றும்போது டக்கென்று அடிக்கும். மிகவும் டைட்டாக வைத்தால் தட்டுகள் வழுக்கித் தேயும். ஐந்து நிமிட வேலை. வாங்கிய அன்றே யாராவது சொல்லியிருந்தால் அந்த 11 நாலாகக் குறைந்திருக்கும்.

இனி ஸ்கூட்டர்க்காரர்களுக்கு மட்டும் ஒரு விஷயம். என் ஸ்கூட்டரில் இடது லீவர் பின் பிரேக். 12 வருடமாக ஆபத்து என்றால் முதலில் மூடுவது என் இடது கைதான். மூன்றாவது வாரம், 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது குறுக்கே ஒரு நாய் வந்தது. இடது கையை இறுக்கிப் பிடித்தேன். பைக்கில் அது கிளட்ச். எஞ்சின் கழன்றுகொண்டது, அதனால் கிடைத்திருக்கக்கூடிய கொஞ்சநஞ்சத் தடையும் போனது, வண்டி சுதந்திரமாக உருண்டது. வலது கால் பிரேக் பெடல் மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. நாய்க்கு என்னைவிடப் புத்தி அதிகம், ஓடிவிட்டது. அந்தக் கால் நிமிடத்தில் எனக்கு வியர்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அன்று முதல் ஒரு மாதம், நிறுத்தி வைத்த வண்டியில் தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பழகினேன். மனதுக்குள் "நில்" என்று சொன்னதும் வலது கை, வலது கால். மறுபடி. பார்ப்பவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. மூளைக்குச் சொன்னால் போதாது, கைக்குச் சொல்ல வேண்டும். கை மெதுவாகத்தான் கேட்கும்.

பிரேக் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். முன் பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லியே வளர்த்திருக்கிறார்கள் நம்மை. நிற்கும்போது வண்டியின் எடை முன்னால் சாய்கிறது, அதனால் முன்சக்கரத்துக்குத்தான் பிடிமானம் கூடுகிறது, பின்சக்கரம் லேசாகிவிடுகிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பினால் தூரம் கூடும், அழுத்தி மிதித்தால் சக்கரம் லாக் ஆகி வால் ஆடும். முன் பிரேக்கை வெடுக்கென்று பிடிக்காமல், எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி கூட்டிக் கூட்டிப் பிடிக்க வேண்டும். இந்த வண்டியின் டிஸ்க் அதற்கு நன்றாக ஒத்துழைக்கிறது. பின் டிரம் சுமார்தான், மிதித்தால் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்லும். 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறோம். 30இலிருந்து 60க்கு வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். ஏபிஎஸ் இல்லாதது இந்த வண்டியின் பெரிய குறை. மோட்டார் சைக்கிளில் ஏபிஎஸ் வந்தது 1988இல், பிஎம்டபிள்யூ கே100 வண்டியில். இத்தனை வருடம் கழித்து அது இல்லாமல் ஒன்றை வாங்கியது என் சிக்கனம். ஏபிஎஸ் உள்ளது கையில் சிக்கினால் அதையே எடுங்கள்.

கியர் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் இல்லை, நன்றாகவே விழுகிறது. ஒன்று கீழே, மற்ற நாலும் மேலே, நடுவில் அரைத் தட்டில் நியூட்ரல். சில சின்ன வண்டிகளில் எல்லாமே ஒரே பக்கம் மிதிப்பதாக இருக்கும், தம்பியின் பழைய வண்டி அப்படித்தான். ஒரு காலத்தில் பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் கியர் வலது காலிலும் பிரேக் இடது காலிலும் இருந்ததாம். 1970களின் நடுவில் அமெரிக்கா இடது கால்தான் என்று விதி போட்ட பிறகு எல்லோரும் மாறினார்கள். அந்தக் காலத்தில் இரண்டு விதமும் மாற்றி மாற்றி ஓட்டியவர்களை நினைத்து என் இடது கையை மன்னித்துவிட்டேன்.

நியூட்ரலுக்கு மட்டும் ஒரு குறிப்பு. முழுசாக நின்ற பிறகு தேடினால் ஒன்றிலிருந்து இரண்டுக்குத் தாவும், இரண்டிலிருந்து ஒன்றுக்குத் தாவும், நடுவில் நிற்காது. நிற்பதற்குச் சற்று முன், சக்கரம் உருண்டுகொண்டிருக்கும்போதே இரண்டிலிருந்து மெல்லத் தட்டினால் விழுந்துவிடும். நின்றுவிட்டீர்கள் என்றால் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆட்டுங்கள், உள்ளே பற்கள் இடம் மாறி வழி விடும்.

உயரமும் எடையும். 790 மி.மீ. சீட்டில் இரண்டு காலும் ஊன்றினால் எனக்கு விரல்தான் தரையில் படும். அதனால் இரண்டையும் ஊன்றுவதை விட்டுவிட்டேன். இடுப்பைக் கொஞ்சம் இடது பக்கம் நகர்த்தினால் இடது பாதம் முழுசாகப் படுகிறது, வலது கால் பிரேக்கில் இருக்கலாம். இப்போது அது நடையாகிவிட்டது. சமமில்லாத இடத்தில் நிறுத்தும்போது மட்டும் கால் வைக்கப் போகும் இடத்தை முன்னாலேயே பார்த்துவிட வேண்டும்.

அப்படிப் பார்க்காமல் ஒரு தடவை, பார்த்தும் ஒரு தடவை, இரண்டு முறை சாய்த்தேன். இரண்டும் ஒரே தப்பு. யூ டர்ன், ஹேண்டில் முழுசாகத் திரும்பியிருக்கும்போது முன் பிரேக். அந்த வேகத்தில் முன் பிரேக்கைத் தொட்டால் வண்டி அப்படியே உள்பக்கம் உட்கார்ந்துவிடும். மெதுவாகத் திரும்பும்போது பின் பிரேக்கும் கிளட்ச்சும் மட்டும்தான். தூக்குவதற்கும் வழி இருக்கிறது, 145 கிலோவைக் கையால் தூக்க முடியாது. எஞ்சினை அணைத்து, கியரில் போட்டு, வலது பக்கம் விழுந்திருந்தால் முதலிலேயே சைடு ஸ்டாண்டை விரித்துவிட்டு, வண்டிக்கு முதுகைக் காட்டிக் குந்தி, சீட் ஓரத்தில் இடுப்பை வைத்து, ஒரு கையில் ஹேண்டில், ஒரு கையில் பின்கம்பி, காலால் தள்ளிப் பின்னோக்கி நடக்க வேண்டும். எழுந்துவிடும். இரண்டாவது தடவை உதவிக்கு வந்தவர் பக்கத்தில் வருவதற்குள் நிமிர்த்திவிட்டேன். கீறல் இரண்டும் லீவர் முனையிலும் சைலன்சரிலும். அவற்றை மறைக்கவில்லை.

வளைவில் எப்படித் திரும்புகிறது என்பதை நம்பத்தான் ரொம்ப நாள் ஆனது. 40க்கு மேல் வலது பக்கம் போக வேண்டுமானால் வலது கைப்பிடியை முன்னால் தள்ள வேண்டும். அதாவது ஹேண்டிலை ஒரு நொடி இடது பக்கம் திருப்புகிறோம், வண்டி வலது பக்கம் சாய்கிறது. தம்பி சொன்னபோது கிண்டல் செய்கிறான் என்று நினைத்தேன். விமானம் செய்த வில்பர் ரைட் சைக்கிள் கடைக்காரர். சைக்கிள் ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள், ஆனால் செய்வது அவர்களுக்கே தெரிவதில்லை என்று அவர் அப்போதே கவனித்திருக்கிறார். காலியான நேரான சாலையில் ஒரு விரலால் தள்ளிப் பார்த்தேன். உண்மைதான். இந்த வண்டி அந்தத் தள்ளலுக்கு உடனே பதில் சொல்கிறது, டயர் மெலிசு என்பதால் இருக்கலாம். பள்ளத்தைக் கண்டு ஒதுங்குவது அதற்குப் பிறகுதான் எனக்குச் சுலபமானது.

பராமரிப்பில் ஸ்கூட்டர் தராத ஒரு வேலை செயின். ஸ்கூட்டரில் பெல்ட் பெட்டிக்குள் இருக்கும், அது உயிரோடு இருக்கிறதா என்றுகூட நாம் பார்ப்பதில்லை. இங்கே செயின் வெளியே தொங்குகிறது, மண்ணும் தண்ணீரும் தின்கிறது. 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை துடைத்து எண்ணெய் விட்டு, நடுவில் விரலால் மேலும் கீழும் தூக்கிப் பார்க்கிறேன், என் வண்டிக்கு 25 முதல் 35 மி.மீ. ஆட்டம் சரி. சக்கரத்தைச் சுற்றி நாலைந்து இடத்தில் பார்க்க வேண்டும், செயின் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி தேய்வதில்லை. பார்க்கும்போது எஞ்சின் ஓடக் கூடாது, விரல் திரும்ப முளைக்காது. எனக்கு இந்த அரைமணி பிடித்துப்போனது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பெட்ரோல் குழாய்தான் மீதிக் கதை. டேங்குக்கு அடியில் ஆன், ரிசர்வ், ஆஃப் என்று ஒரு திருகு. ரிசர்வ் என்பது டேங்கின் அடியில் கடைசியாக மிஞ்சும் கொஞ்சம் பெட்ரோல். பெட்ரோல் காட்டும் முள் இந்த வண்டியில் பொய் சொல்லும், திருகு பொய் சொல்லாது. ஆனில் ஓடும்போது வண்டி இருமினால் இடது கையால் ரிசர்வுக்குத் திருப்ப வேண்டும், ஓடிக்கொண்டே. அதைப் பழகிக்கொண்டேன், பெருமையாகவும் இருந்தது. பெட்ரோல் போட்ட பிறகு திரும்ப ஆனுக்கு வைக்க வேண்டும் என்பது மறந்துபோனது. அடுத்த முறை இருமியபோது திருப்புவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன். தள்ளும்போதுதான் 145 கிலோ என்றால் என்ன என்று தெரிந்தது.

மற்றபடி குறைகள்: சீட் ஒரு மணி நேரத்துக்கு மேல் கட்டை மாதிரி. 70ஐத் தாண்டினால் கைப்பிடியில் அதிர்வு, இறங்கிய பிறகும் உள்ளங்கை குறுகுறுக்கும். ஹெட்லைட் மஞ்சளாக, சோகையாக இருக்கிறது. காலையில் சோக் இழுத்தால்தான் எழும், இழுத்ததை மறந்தால் புகைக்கும். பொருள் வைக்க இடமே இல்லை, ஸ்கூட்டரின் சீட்டுக்கு அடிப் பெட்டியை நினைத்து ஏங்காத வாரம் கிடையாது. காய்கறிக்கு இன்னும் அதைத்தான் எடுக்கிறேன்.

இப்போது மீட்டரில் நான் ஓட்டியது மட்டும் 4,200 கிலோமீட்டர். போன வாரம் தம்பி வந்தான், ஒரு சுற்று போய்விட்டு வருகிறேன் என்று சாவியை வாங்கினான். வாசலிலேயே ஆஃப் ஆனது. மறுபடி ஸ்டார்ட் செய்தான், மறுபடி ஆஃப்.

"என்னக்கா, கிளட்ச் இவ்ளோ கிட்டப் புடிக்குது?"

"மெதுவா விடுறா," என்றேன். மூன்றாவது தடவைக்கு எண்ண ஆரம்பித்தேன்.