லோரோங் கூலிட் சந்தையும் எங்கள் வீட்டுக் கூடமும்

பினாங்கில் பழைய சாமான் வாங்க எங்கே போகலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது லோரோங் கூலிட். ஜார்ஜ் டவுன் சிட்டி ஸ்டேடியத்தை ஒட்டிய சந்தை. காலை எட்டரைக்கெல்லாம் போய்விடுங்கள். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். மதியம் ஆனதும் தார்ப்பாயைச் சுருட்டத் தொடங்கிவிடுவார்கள். ஆறு வருடமாகப் போய் வருகிறேன். ஆயர் ஈத்தாமில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் இருக்கும் சாமான்களில் பாதி அங்கே வாங்கியவை.

தரையில் விரித்த தார்ப்பாயில் பழைய ரேடியோ, மண்ணெண்ணெய் விளக்கு, சோடா போத்தல், சாவிக்கொத்து, ஜோடி இல்லாத நோன்யா (இங்கேயே வேரூன்றிய பெரனாக்கான் சீனர்களின்) கிண்ணம் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். ஒழுங்கு கிடையாது. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. கண்ணாடி அலமாரிக்குள் விளக்குப் போட்டு வைத்திருக்கும் கடைகளில் பொருளைத் தொடவே கூச்சமாக இருக்கும். இங்கே குந்தி உட்கார்ந்து, புரட்டி, தட்டிப் பார்த்து வாங்கலாம்.

போன வருடம் ஒரு மலாய்ப் பெரியவரின் தார்ப்பாயில் ஐந்து பீங்கான் மங்குகளைப் பார்த்தேன். பால்மரத்தில், அதாவது ரப்பர் மரத்தில், வடியும் பாலைப் பிடிக்கக் கட்டும் கிண்ணம்தான் மங்கு. ஒன்றை எடுத்துத் திருப்பினேன். உள்ளே அடியில் ஒட்டுப்பால், மிச்சம் ஒட்டிய ரப்பர் பால், காய்ந்து, பழுப்பு நிறத்தில் மெல்லிய தோல் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பினால் ஓரத்தில் லேசாக எழும்பி, விட்டதும் மறுபடி படிந்துகொண்டது. என் அம்மா இருபத்திரண்டு வருடம் பால்மரம் வெட்டியவர், பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் வேலை. விலை பேச எனக்கு மனம் வரவில்லை. கேட்ட நாற்பது வெள்ளியை (ரிங்கிட்) கொடுத்துவிட்டேன். இப்போது ஜன்னல் திட்டில் வரிசையாக இருக்கின்றன. நான்கில் மணிபிளாண்ட். அந்தத் தோல் ஒட்டிய மங்கில் மட்டும் எதுவும் வைக்கவில்லை, கழுவவும் இல்லை.

அதே திட்டுக்கு மேலே சுவரில் ஒரு ஜப்பான் பூ டைல், மூலை உடைந்தது, அறுபது வெள்ளி. 1920, 30களில் இங்கே கடைவீடுகளின் முகப்பில் ஒட்டிய வகை. காரைக்குடிப் பக்கத்துச் செட்டியார் வீடுகளிலும் இதே ஜப்பான் டைல்களைப் பார்க்கலாம். கட்டைவிரலால் தடவினால் பூவிதழின் கோடு மேடாகத் தட்டுப்படும். அந்த மேடுதான் ஒரு வண்ணம் அடுத்ததில் கலக்காமல் தடுக்கும் வரப்பு. மங்கும் டைலும் பாட்டியின் குத்துவிளக்கும் ஒரே சுவரில் எப்படிச் சேரும் என்று அக்கா கேட்டார். சுவருக்கு வெளிர்பச்சை அடித்தேன், டைலில் இருக்கும் அதே பச்சை. அப்புறம் பொருளுக்குப் பொருள் ஒரு முழம் இடம் விட்டேன். இப்போது வீட்டுக்கு வரும்போதெல்லாம் அக்கா அந்தச் சுவருக்கு எதிரேதான் உட்காருகிறார்.

வாழைமர நோட்டும் கிடைக்கும். 1942 முதல் 1945 வரை ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்திருந்த காலத்தில் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட பத்து டாலர். போர் முடிந்ததும் செல்லாக் காசாகிவிட்டது. தாத்தா ஒரு தகரப் பெட்டி நிறைய வைத்திருந்து, கடைசியில் அடுப்பெரித்தாராம். நான் ஒன்றே ஒன்று வாங்கிச் சட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.

பித்தளை வாங்குகிறவர்கள் கையில் சின்னக் காந்தம் கொண்டுபோங்கள். ஊருக்குள் வேறொரு கடையில், பெயர் வேண்டாம், பித்தளைத் தொங்குவிளக்கு என்று நூற்று எண்பது வெள்ளி கொடுத்து வாங்கினேன். மூன்று மாதத்தில் அடிப்பகுதி துருப்பிடித்தது. காந்தத்தை வைத்தால் டக்கென்று ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு மேல் பித்தளைப் பூச்சு! திருப்பிக் கொடுக்கப் போனேன், வாங்க மாட்டோம் என்றார்கள். அன்றிலிருந்து காந்தம் வைத்துப் பார்க்காமல் எதையும் வாங்குவதில்லை. காந்தம் ஒட்டாவிட்டால் எல்லாம் பித்தளை என்று ஆகிவிடாது. ஆனால் இரும்பு வெளியே தெரிந்துவிடும்.

சந்தையிலும் குறை உண்டு. ரசீது கிடையாது, மாற்றித் தர மாட்டார்கள். மழை பிடித்தால் அன்றைக்கு வியாபாரம் அவ்வளவுதான். மரச்சாமானை நான் அங்கே வாங்குவதே இல்லை. ஒரு தடவை வாங்கிய முக்காலியிலிருந்து தினமும் மாவு மாதிரி உளுத்தூள் கொட்டியது. அது பக்கத்துப் புத்தக அலமாரிக்கும் பரவிவிடுமோ என்று பயந்து தூக்கிப் போட்டேன். மரம் வேண்டுமென்றால் காலைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள், ஊசி முனை அளவு துளை இருந்தால் வேண்டாம்.

சில்லறையாக ஐந்து வெள்ளி, பத்து வெள்ளி நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பதை நீட்டிக்கொண்டு விலை குறைக்கச் சொன்னால் யாரும் குறைக்க மாட்டார்கள். பசியாறிவிட்டுப் போவது நல்லது, சுற்ற ஆரம்பித்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது. எனாமல் தூக்குச்சட்டியின் நடு அடுக்கு, பச்சை விளிம்பு போட்டது, எங்கேயாவது கண்ணில் பட்டால் எனக்குச் சொல்லுங்கள். மேலடுக்கும் கீழடுக்கும் மூடியும் என்னிடம் இருக்கின்றன.