ஸ்லைடா, அட்டையா, பி.சி.ஆரா? மலேரியா தடுப்பூசி ஆய்வுக்கு எது கைகொடுக்கும்?

மலேரியா தடுப்பூசி என்றால் பேச்செல்லாம் ஊசியைப் பற்றித்தான். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைக்குப் பின்னால் வரும் காய்ச்சல் மலேரியாதானா என்று தீர்ப்புச் சொல்வது ஆய்வகம். மலேரியா அல்லாத காய்ச்சல்களை மலேரியா என்று எழுதிக்கொண்டே போனால், நல்ல தடுப்பூசியும் கணக்கில் மட்டமாகத் தெரியும். தீர்ப்புக்கு மூன்று வழிகள்: ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்லைடு, விரைவுச் சோதனை அட்டை, கிருமியின் மரபணுப் பொருளைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பி.சி.ஆர்.

விரைவுச் சோதனை அட்டைக்கு ஒரு சொட்டு ரத்தம் போதும். பதினைந்து, இருபது நிமிடங்களில் கோடு விழும், மின்சாரம் தேவையில்லை. ஜார்க்கண்டிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ எங்கள் நீலகிரி மலையின் கூடலூர்த் தேயிலைத் தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவர் காய்ச்சலோடு நின்றால் நானும் அட்டையைத்தான் எடுப்பேன். ஆனால் ஃபால்சிபாரம் என்ற மலேரியாக் கிருமிக்கான அட்டைகளில் பெரும்பாலானவை தேடுவது அந்தக் கிருமியின் எச்.ஆர்.பி.-2 என்ற புரதத்தை. கிருமி செத்த பிறகும் அது ரத்தத்தில் வாரக்கணக்கில் தங்கும். பழைய காய்ச்சலா, புதிதா என்று அட்டைக்குத் தெரியாது.

பி.சி.ஆர். மகா நுட்பமானது. தன்னார்வலர்களுக்கு வேண்டுமென்றே தொற்று ஏற்படுத்திப் பார்க்கும் ஆய்வுகளில், ஸ்லைடில் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே கிருமியைப் பிடித்துவிடும். அங்கே அதற்குப் போட்டியே கிடையாது. மலையில் அந்த இயந்திரத்தை வாங்கி வைக்க வேண்டும் என்றும் இல்லை. வடிதாளில் உலர்த்திய ரத்தப்பொட்டைச் சிலிக்கா பொட்டலத்தோடு உறையிலிட்டு, சமவெளியில் உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிவிடலாம்.

இனி ஸ்லைடு. ஆப்பிரிக்காவில் ஏழு நாடுகளில் நடந்த ஆர்.டி.எஸ்.,எஸ். தடுப்பூசியின் மூன்றாம் கட்ட ஆய்வில், 37.5 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் ஒரு மைக்ரோலிட்டரில் 5,000க்கு மேல் கிருமிகளும் இருந்தால்தான் முதன்மைக் கணக்கில் அது மலேரியா. இத்தனை கிருமி என்று அட்டை சொல்லாது. தடித்த தடவலில் 200 வெள்ளணுக்களை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை கிருமி கண்ணில் பட்டது என்று பார்த்து, அதை 200ஆல் வகுத்து, மைக்ரோலிட்டருக்கு 8,000 வெள்ளணு என்று வைத்துப் பெருக்கினால் எண் கிடைக்கும். இப்படிப்பட்ட ஆய்வுகளில் ஒரே ஸ்லைடை இருவர் தனித்தனியே படிப்பார்கள், முரண்பட்டால் மூன்றாமவர். 1897இல், மலேரியாவுக்கும் கொசுவுக்கும் உள்ள தொடர்பைக் கண்டறிந்த ரொனால்ட் ராஸ் உதகைக்கு வந்து, சீகூர்ச் சரிவில் தாமே மலேரியாவில் விழுந்த காலத்திலும் நம்பிய கருவி நுண்ணோக்கிதான்.

மலைக்கென்றே சில தொல்லைகள் உண்டு. ஜூலைச் சாரலில் உதகையில் தடவல் காய்வதே பெரும்பாடு. அவசரப்பட்டு விளக்கில் காட்டினால் சிவப்பணுக்கள் வெந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஜீம்சா சாயம் எவ்வளவு ஊற்றினாலும் தடித்த தடவல் தெளியாது. ஈரத்தில் லென்ஸில் பூஞ்சை படர்வதைப் பற்றிக் குன்னூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

ஆனாலும் காய்ச்சலை எண்ணும் ஆய்வென்றால் என் ஓட்டு ஸ்லைடுக்கே. இருக்கும் பணத்தில் புது இயந்திரமா, தேர்ந்த இரண்டாவது டெக்னீஷியனுக்குச் சம்பளமா என்று கேட்டால், சம்பளம் என்பேன்.