நாணயங்களைப் படமெடுக்க கேமரா வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்: என் 42,500 ரூபாய் போன கதை

கிருஷ்ணகிரியில் பழைய கேமராக்களை வாங்கி விற்கும் ஒரு கடையில், நாணயங்களைப் படமெடுப்பதற்கு ஏற்றதைத் தாங்களே பொறுக்கித் தருவதாகச் சொல்லி, கேமரா, சிறு பொருள்களை மிகக் கிட்டத்தில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ், விளக்கு, ஸ்டாண்ட் எல்லாவற்றுக்குமாக என்னிடம் 42,500 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள். கடையில் என் காசை வைத்துப் படமெடுத்துக் காட்டிய லென்ஸ் ஒன்று. வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது உள்ளே இருந்தது வேறொன்று. கேட்கப் போனால் சாக்குப்போக்கு, தொலைபேசியில் அழைத்தால் மௌனம். புகார் கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் வட்டாரத்தில் பழங்காசு சேகரிக்கிற இன்னொருவர் இதே வலையில் விழக்கூடாது என்பதற்காக, நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். எதைப் பார்த்து, எப்படிச் சோதித்து வாங்க வேண்டும் என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

எங்களுக்குக் காரிமங்கலம் பக்கத்தில் ஒரு சிறிய மாந்தோப்பு இருக்கிறது. இந்த ஆண்டு குத்தகைப் பணம் கைக்கு வந்ததும், தாத்தா காலத்திலிருந்து வீட்டில் இருக்கும் செப்புக் காசுகளை ஒழுங்காகப் படமெடுத்துப் பதிவு செய்துவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். அவற்றில் பெரும்பாலானவை திப்புவின் யானைக் காசுகள். 1792-ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி பாராமகால் (தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தின் பழைய பெயர்) கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்குப் போகும்வரை இந்தப் பகுதி மைசூர் ஆட்சியில் இருந்ததால், நம் பக்கத்துப் பழைய வீடுகளில் இத்தகைய காசுகள் இன்றும் கிடைக்கின்றன. ஒரு பக்கம் யானை, மறுபக்கம் பாரசீக எழுத்தில் காசு அடிக்கப்பட்ட ஊரின் பெயர். பல கை மாறித் தேய்ந்த காசில் அந்த எழுத்தை வெறும் கண்ணால் படிப்பது கடினம். நல்ல படம் இருந்தால், விவரம் தெரிந்தவர்களுக்கு அனுப்பிப் படிக்கச் சொல்லலாம். கைபேசியில் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. பக்கத்தில் கொண்டுபோனால் கைபேசியின் நிழலே காசின் மேல் விழுகிறது, வட்டமான காசு ஒரு பக்கம் இழுத்தாற்போலத் தெரிகிறது.

ஆகவே கடைக்குப் போனபோது எனக்கு என்ன வேண்டும் என்பதைத் தெளிவாகவே சொன்னேன். 1:1 அளவில் படமெடுக்கும் உண்மையான மேக்ரோ லென்ஸ் வேண்டும், அதாவது காசு எவ்வளவு பெரியதோ அதே அளவில் அதன் பிம்பம், கேமராவுக்குள் படம் பதியும் சென்சாரின் மேல் விழ வேண்டும் என்றேன். குவியத் தூரம் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளதாக இருந்தால் நல்லது என்றும் சொன்னேன். அந்த வகை லென்ஸில், முழு உருப்பெருக்கத்திலும் லென்ஸின் முனைக்கும் காசுக்கும் இடையே ஏறக்குறைய அரைச் சாண் இடம் கிடைக்கும். விளக்கின் ஒளி உள்ளே வர அந்த இடம் தேவை. பெரிய வெள்ளி ரூபாய்க்கு 1:2, அதாவது பாதி அளவுகூடப் போதும். ஆனால் என்னிடம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறிய, வீரராயன் பணம் என்ற பழைய பொற்காசும் இருக்கிறது, அதற்கு 1:1 இல்லாமல் முடியாது என்பதையும் விளக்கினேன்.

கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். நான் கொண்டுபோயிருந்த யானைக் காசைக் கேட்டு வாங்கினார். வாங்கியவர் அதன் முகத்தில் விரல் படாமல், இரு விரல்களால் விளிம்பில் மட்டும் பிடித்து ஒரு கறுப்புத் துணியின் மேல் வைத்தார். காசு பழகியவர்கள் மட்டுமே அப்படிப் பிடிப்பார்கள். விரலின் வியர்வையும் எண்ணெயும் செம்பில் பட்டால் கறை விழும் என்பதை அவரே சொன்னார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்தது. கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு லென்ஸை எடுத்துப் பொருத்திப் படமெடுத்து, கேமராவின் பின்திரையில் பெரிதாக்கிக் காட்டினார். யானையின் துதிக்கை மடிப்பும், அதன் ஓரத்தில் இருந்த சிறு வெட்டும்கூடத் தெரிந்தன. "அண்ணா, இது டிஸ்ப்ளே பீஸ், நிறையப் பேர் கை பட்டது. இதே மாடல்ல உங்களுக்கு நல்ல பீஸா உள்ள இருந்து எடுத்துத் தர்றேன்" என்றார். கேமராவுக்கு 17,000, லென்ஸுக்கு 21,000, ரிங் லைட்டுக்கும் ஸ்டாண்டுக்கும் 4,500, மொத்தம் 42,500 ரூபாய். யூபிஐ மூலம் அங்கேயே செலுத்தினேன். நான் பணம் அனுப்பிக்கொண்டிருந்த நேரத்தில் பையன் ஒருவன் உள்ளறையில் எல்லாவற்றையும் பபிள் கவரில் சுற்றி, டேப் ஒட்டி, பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான். பில் கேட்டதற்கு, ஜிஎஸ்டி போட்டால் விலை கூடும் என்று சொல்லி ஓர் எஸ்டிமேட் சீட்டு கொடுத்தார்கள். அதில் "கேமரா செட் 1" என்று மட்டும் இருந்தது. லென்ஸின் பெயரும் இல்லை, வரிசை எண்ணும் இல்லை. சீட்டின் பின்பக்கத்தில், நாணயத்துக்கான செட்டிங் என்று அவரே பேனாவால் எழுதிக் கொடுத்தார்: எஃப் 22 (லென்ஸ் துளையின் அளவு, எண் கூடினால் துளை சிறிதாகும்), ஐஎஸ்ஓ 1600 (ஒளியை உணரும் திறன்), ஆட்டோ வொயிட் பேலன்ஸ்.

வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால், உள்ளே இருந்தது ஒரு பழைய 70–300 ஜூம் லென்ஸ். அதன் உடம்பில் "மேக்ரோ" என்று எழுதியிருந்தது என்னவோ உண்மைதான். ஆனால் இத்தகைய ஜூம் லென்ஸ்களில் அந்தச் சொல்லுக்கு, ஓரளவு கிட்டத்தில் வைத்துப் படமெடுக்கலாம் என்பதற்கு மேல் பொருள் கிடையாது. 1:2, 1:3, 1:4 என்று ஏதோ ஓர் அளவோடு நின்றுவிடும். என்னிடம் வந்ததை அளந்து பார்த்தேன். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் அளவுகோலைக் கிடத்தி, லென்ஸை மிகக் கிட்டத்தில் ஃபோகஸ் செய்து படமெடுத்தால், படத்தின் அகலத்தில் எத்தனை மில்லிமீட்டர் தெரிகிறது என்று எண்ணிவிடலாம். என் கேமராவின் சென்சார் 23.5 மி.மீ. அகலம். உண்மையான 1:1 லென்ஸ் என்றால் அளவுகோலில் 23 கோடுகளுக்குச் சற்று மேல் மட்டுமே தெரிய வேண்டும். எனக்கு 9 சென்டிமீட்டருக்கு மேல் தெரிந்தது. அது 1:4 லென்ஸ். 24 மெகாபிக்சல் கேமராவில் 22 மி.மீ. அளவுள்ள யானைக் காசு, இந்த லென்ஸில் குறுக்களவில் 1,400 பிக்சல் அளவுக்குத்தான் வரும். சரியான மேக்ரோ லென்ஸில் அதே காசைப் படம் நிறையும்படி எடுத்தால் 3,700 பிக்சலுக்குக் குறையாமல் கிடைக்கும். ஊர்ப்பெயரின் எழுத்தைப் படிக்க முடிவதும் முடியாததும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது, இந்த வேறுபாட்டுக்காகத்தான் நான் 21,000 ரூபாய் கொடுத்தேன்.

தருமபுரியில் ஸ்டுடியோ நடத்தும் நண்பர் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனேன். அவர் லென்ஸின் பின்புறத்திலிருந்து டார்ச் அடித்து, முன்புறம் சாய்வாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெண்ணிற இழைகள் கிளை விட்டிருந்தன. பூஞ்சை. ஸ்டாண்டைப் பார்த்தார், கேமராவை மாட்டி, கைப்பிடியை இறுக்கிவிட்டுக் காத்திருந்தால், அது கண்ணெதிரே மெல்லக் கீழே இறங்குகிறது. ரிங் லைட்டை நேரே மின்சாரத்தில் செருகிப் படமெடுத்தபோது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டைகள் விழுந்தன. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்இடி விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடியில் வைத்தால் பட்டை மறையும். ஆனால் வெள்ளிக் காசு பச்சை படர்ந்து தெரிவதை எந்த ஷட்டர் வேகமும் மாற்றாது. "95 சிஆர்ஐ" (நிறங்களை உள்ளபடி காட்டும் திறனுக்கான எண்) என்று வாயால் சொன்னார்களே தவிர, விளக்கின் பெட்டியில் அப்படி ஓர் எண்ணே இல்லை.

நாணயத்துக்கு ரிங் லைட்டே பொருத்தமில்லை என்பதும் எனக்குக் கோபம் தருகிறது, ஏனென்றால் காசை விளிம்பில் பிடிக்கத் தெரிந்தவருக்கு இது தெரியாமல் இருக்காது. எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே சீராக ஒளி விழுந்தால் மேடு பள்ளம் தட்டையாகிவிடும். பளபளக்கும் காசாக இருந்தால், ஜார்ஜ் மன்னரின் கன்னத்தில் ஒரு வெள்ளை வளையம் விழும். தேய்ந்த செப்புக்கு வேண்டியது இரண்டு சிறிய விளக்குகள். கடிகாரத்தில் 10 மணியும் 2 மணியும் இருக்கும் திசைகளில், சற்று உயரத்தில், முன்னே ட்ரேசிங் பேப்பரைக் கட்டி வைத்து, காசை மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் ஒரு கோணத்தில் எழுத்து எழுந்து நிற்கும். விளக்கை மிகத் தாழ்த்தினால் எழுத்தோடு கீறல்களும் பெரிதாகும். சேகரிப்பவர்களுக்கென்றே கண்ணாடிபோலப் பளபளக்க அச்சிடும் ப்ரூஃப் காசுகளுக்கு, லென்ஸுக்கும் காசுக்கும் இடையே 45 பாகையில் ஒரு மெல்லிய கண்ணாடித் தகட்டைச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து ஒளியைப் பாய்ச்சினால், அது தகட்டில் பட்டு நேராகக் கீழே இறங்கும். இவற்றுக்கெல்லாம் 4,500 ரூபாய்கூடத் தேவையில்லை. அவர் எழுதிக் கொடுத்த செட்டிங்கும் அப்படியே தவறு. ஸ்டாண்டில் அசையாமல் நிற்கும் கேமராவுக்கு ஐஎஸ்ஓ 1600 எதற்கு? 100 போதும். 1:1 அளவில் எஃப் 8 வைத்தாலே அது எஃப் 16-க்கு ஒப்பாகிவிடும். அங்கே எஃப் 22 வைத்தால், சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால் (டிஃப்ராக்ஷன்) படமே மங்கும்.

அதன்பிறகு நடந்ததுதான் இழப்பைவிட அதிகமாக வலிக்கிறது. முதலில் அழைத்தபோது, "லென்ஸ் மேலயே மேக்ரோன்னு எழுதியிருக்கே சார்" என்றார். வாங்கும்வரை அண்ணாவாக இருந்த நான் அன்றே சாராகிவிட்டேன். அளவுகோல் வைத்து எடுத்த படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. நேரில் போனபோது, ஓனர் பெங்களூரு போயிருக்கிறார், திங்கட்கிழமை வாருங்கள் என்றான் பையன். எனக்குக் காட்டிய அந்த லென்ஸ் அதே கண்ணாடி அலமாரியில் இருந்தது. அதை எடுத்துக் காட்டச் சொன்னதற்கு, அது வேறு வாடிக்கையாளருக்கு வைத்திருப்பது என்றான். திங்கட்கிழமை போனால், "செகண்ட் ஹேண்டு ஐட்டத்துக்கு ரிட்டர்ன் கிடையாது, நீங்க பார்த்துட்டுத்தானே எடுத்தீங்க, செட்டிங் மாத்திப் பாருங்க, சும்மா சும்மா வராதீங்க" என்று, கடையில் நின்றிருந்த நாலு பேர் முன்னால், எனக்குப் படமெடுக்கத் தெரியவில்லை என்பதுபோலப் பேசினார்கள். கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார்: வேண்டுமானால் அந்த லென்ஸை 3,500 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொள்வாராம். 21,000 ரூபாய்க்கு விற்ற பொருளின் மதிப்பு என்னவென்று அவருக்குத் தெரிந்திருந்ததற்கு இதைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம். மறுத்துவிட்டு வந்தேன். 42,500 ரூபாய், ஒரு பருவத்துக் குத்தகைப் பணத்தில் பெரும்பகுதி, அந்தக் கல்லாவில்தான் இருக்கிறது.

எதை வாங்குவது என்று விரிவாக எழுத எண்ணியிருந்தேன். இப்போது அதற்கு மனம் ஓடவில்லை, முக்கியமானவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கடைக்கு அளவுகோலும் டார்ச்சும் எடுத்துச் செல்லுங்கள். எந்த லென்ஸில் சோதித்தீர்களோ அதே லென்ஸை உங்கள் கையாலேயே பெட்டியில் வையுங்கள். "உள்ளே இருந்து நல்ல பீஸ்" என்ற பேச்சு வந்தால் வெளியே வந்துவிடுங்கள். பின்திரையில் பார்த்து நம்பாதீர்கள், அந்தச் சிறிய திரையில் எந்தப் படமும் கூர்மையாகத்தான் தெரியும். கார்டை மடிக்கணினியில் போட்டுப் பாருங்கள். லென்ஸின் வரிசை எண் எழுதாத சீட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். படம் பளிச்சென்று வரும் என்று சொல்லி யாராவது உங்கள் காசைத் தேய்த்துத் துலக்க வந்தால் விடாதீர்கள், துலக்கிய காசின் மதிப்பு அதோடு போய்விடும்.

ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த மாவட்டத்தில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குக் கட்டணமும் இல்லை. நான் 1915-இல் பதிவு செய்துவிட்டேன். யூபிஐ ரசீது, எஸ்டிமேட் சீட்டு, அவர் கைப்பட எழுதிய செட்டிங், வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் நகல் எடுத்து ஆணையத்துக்கான மனுவோடு இணைத்து வைத்திருக்கிறேன். கிருஷ்ணகிரியில் இதேபோல் "டிஸ்ப்ளே பீஸ்" காட்டி வேறு லென்ஸ் கட்டிக் கொடுக்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால், சீட்டைக் கிழித்துப் போட்டுவிடாமல் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள். மனுவைச் சேர்ந்தே கொடுக்கலாம்.