செவன்ஸா, ஐ-லீகா?

மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரும் ஃபுட்பால் ஸ்ட்ரைக்கர் சீக்கிரம் காசு பார்க்க வேண்டுமென்றால் கேரளாவின் மலப்புறம் செவன்ஸ்தான், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடும் ஃபுட்பால். அறுவடை முடிந்த வயல், தற்காலிக கேலரி, ஃப்ளட்லைட், ராத்திரி மேட்ச், ஆடினால்தான் பணம், முழங்கால் போனால் அன்றோடு சரி, அதுவும் அந்தச் சின்ன மைதானத்தில் இடி வாங்காமல் யாரும் தப்ப முடியாது. மழை தொடங்கினால் சீசன் காலி.

தேசிய கிளப் போட்டியான ஐ-லீக்கில் எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும் (சம்பளம் தேதிக்கு வருமா என்பது வேறு கதை), அடித்த கோல் கணக்கில் ஏறும். நைஜீரியாவின் ரான்டி மார்ட்டின்ஸ் 2011-12 சீசனில் கோவா கிளப் டெம்போவுக்காக 32 கோல் அடித்தார். அப்போது ஐ-லீக்தான் நாட்டின் முதல் நிலை லீக், அப்புறம் ஐஎஸ்எல்லுக்கு (இந்தியன் சூப்பர் லீக்) கீழே போய்விட்டது. செவன்ஸில் அதே 32 அடித்தாலும் அதிகாரப்பூர்வமாகப் பூஜ்யம்தான். இருபது வயதென்றால் ஐ-லீக் டிரையலுக்குப் போகலாம், முப்பதைத் தாண்டியவருக்கு வயல்தான் லாபம்.