எண்ணும் பெட்டி: ஜாடிக்கும் தட்டுக்கும் காசு கொடுக்கலாம், அட்டைகளுக்கு வேண்டாம்

ரங்கூன் தெயின்ஜீ சந்தையில் பொம்மையும் எழுதுபொருளும் விற்கிற கடைகளில் இப்போது ஒரு மரப்பெட்டி கிடைக்கிறது. மூடியில் ஆப்பிளும் வாத்தும், பக்கத்தில் 1, 2, 3. சீனாவிலிருந்து வருவது. சொல்லிக்கொள்ளும்படி கம்பெனிப் பெயர் எதுவும் இல்லை, கடைக்குக் கடை மேலட்டைதான் மாறுகிறது. 32,000 கியாட் சொன்னார்கள், பேசி 28,000-க்கு வாங்கினேன். தாம்வேயில் என் வீட்டு முன்னறையில் நாலு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குக் காலை வகுப்பு எடுக்கிறேன். பெரும்பாலும் நம் தமிழ்ப் பிள்ளைகள், கேஜி சேர்வதற்கு முன்னால் ஒரு வருஷம் என்னிடம் இருப்பவர்கள். போன மழைக்காலம் முழுக்க இந்தப் பெட்டி அவர்கள் கையில்தான் புழங்கியது. வாங்கலாமா என்று கேட்கிற தாய்மாருக்காக இதை எழுதுகிறேன்.

வாங்கலாம். ஆனால் எதற்கு வாங்குகிறோம் என்று தெரிந்து வாங்க வேண்டும்.

உள்ளே இருப்பவை: மூடி போட்ட கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஜாடி ஒன்று. ஒரே அளவில் மரவில்லைகள், அட்டையில் 60 என்று போட்டிருக்கிறது, என் பெட்டியில் 57 தான் இருந்தன. இரண்டு வரிசை, வரிசைக்கு ஐந்து குழி என்று பத்துக் குழி வெட்டிய மரத்தட்டு இரண்டு. பிளாஸ்டிக் மிருகங்கள். எண் பதித்த கட்டைகள். படம் போட்ட அட்டைகள். சீனத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த ஒரு வழிமுறைத் தாள், அவ்வளவுதான்.

இதில் பொன்னானது அந்த ஜாடி. எண்ணச் சொல்லிக்கொடுக்காத வீடு கிடையாது. மூன்று வயதிலேயே "ஒண்ணு ரெண்டு மூணு" என்று பிள்ளை ஒப்பிப்பதைக் கேட்டு வீடே பூரித்துப்போகிறது. ஆனால் எண்ணுவதற்கு முன்னால் "எத்தனை இருக்கும்னு நெனைக்கிறே?" என்று ஒரு பிள்ளையிடமும் யாரும் கேட்பதில்லை. குத்துமதிப்பு என்றால் தெரியாதவர் சொல்கிற பதில் என்று நினைத்துவிட்டோம். அப்படியில்லை. அரிசியை அளக்கும் முன்பே இன்றைக்கு எத்தனை பேருக்குக் காணும் என்று சொல்கிற நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இருப்பது பழகிய கண். அந்தக் கண்ணைப் பிள்ளைக்கும் பழக்கலாம். அதற்கு ஜாடி வேண்டும், ஒரே அளவிலான வில்லைகள் வேண்டும். இந்தப் பெட்டி இரண்டையும் தருகிறது.

முதலில் எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் பதில் "நூறு" தான். ஏழு வில்லை போட்டாலும் நூறு, நாற்பது போட்டாலும் நூறு. அவர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய எண் அதுதான், பாவம். அப்போது பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு ஜாடியில் பத்து வில்லை போட்டு வைக்க வேண்டும்.

"சயாமா (டீச்சர்), நூறு!"

"இந்த ஜாடியில பத்து இருக்கு, நாம எண்ணித்தானே போட்டோம்? அதுல எவ்வளவு உயரம் வந்திருக்கு பாரு."

"இதைவிட நெறைய."

"இந்த மாதிரி எத்தனை பத்து ஏறியிருக்கும்?"

விரலை ஜாடியின் மேல் வைத்துப் படிப்படியாக ஏற்றுகிறான். "ஒரு பத்து… இன்னொரு பத்து… இன்னும் கொஞ்சம்."

"அப்போ?"

"இருவத்தஞ்சு."

இருபத்திரண்டு இருந்தது. ஒரு பத்தைக் கண்ணுக்கு முன்னால் வைத்ததும் நூறு என்றது இருபத்தைந்துக்கு இறங்கிவிட்டது. நம் பிள்ளைகளுக்கு இது புதிதும் அல்ல: எட்டு பால் டப்பா சேர்ந்தால் ஒரு பியி (பர்மியப் படி) அரிசி என்பது ரங்கூனில் எல்லா அடுப்பங்கரையிலும் அவர்கள் காதில் விழுகிற கணக்குதானே. ஆனால் பெட்டிக்காரர்கள் ஜாடி ஒன்றுதான் தருகிறார்கள். மதிப்பிடக் கற்றுக்கொடுக்க ஜோடி ஜாடி இல்லாமல் முடியாது. நான் ஒரே அளவு ஊறுகாய் பாட்டில் இரண்டைக் கழுவி வைத்துக்கொண்டேன். மிருகங்களில் பாதியைக் குறைத்துவிட்டு இன்னொரு ஜாடி வைத்திருந்தால் பெட்டியின் மதிப்பே வேறு.

இன்னொன்றும் செய்கிறேன், தாளில் இது கிடையாது. பிள்ளை ஒரு மதிப்புச் சொன்னதும் நேரே கொட்டி எண்ணிவிடுவதில்லை. பத்து மட்டும் எடுத்துத் தட்டில் அடுக்கச் சொல்லி, மிச்சத்தைப் பார்க்கவைத்து, "இப்போ மாத்திச் சொல்லணுமா?" என்று கேட்கிறேன். ஆரம்பத்தில் மாற்றவே மாட்டார்கள், மாற்றினால் தோற்றுவிட்டோம் என்று நினைப்பு. ஒரு சிறுமி ஐம்பது என்றாள். பத்து எடுத்த பிறகு ஜாடியைக் கையில் தூக்கி, சாய்த்து, மறுபக்கம் திருப்பிப் பார்த்தாள். பத்து போனதற்கே மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிட்டது. "ஐம்பது இல்ல சயாமா, முப்பது." எண்ணினால் முப்பத்தொன்று. அவள் முதலில் சொன்ன ஐம்பதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. மாற்றிய அந்த இடத்தில்தான் அவளைப் பாராட்டினேன். சரியாகச் சொன்ன பிள்ளைக்கு மட்டும் கைதட்டினால் மற்ற பிள்ளைகள் எண்ணி முடித்தபிறகு, "நானும் அதைத்தான் சொன்னேன்" என்று சொல்லப் பழகிவிடுவார்கள். அதனால் மணிகளை வரிசையாகக் கோத்த கயிற்றில், சொன்ன எண்ணுக்கு நேரே துணி கிளிப்பை மாட்டி மதிப்பை முதலிலேயே குறித்துவிடச் சொல்கிறேன்.

பத்துக்குழித் தட்டும் நல்ல பொருள். பிள்ளைகள் எண்ணும்போது தப்புவது எங்கே என்று பாருங்கள். வாய் ஒரு வேகம், விரல் ஒரு வேகம். ஒரே வில்லையை இரண்டு தரம் தொடுவார்கள், ஒன்றைத் தாண்டிப் போவார்கள். குழியில் ஒன்றுதான் உட்காரும் என்பதால் ஒரு பொருளுக்கு ஒரு எண் என்பதைத் தட்டே கற்றுக்கொடுத்துவிடுகிறது. மேல் வரிசை நிரம்பினால் ஐந்து, கீழே இரண்டு இருந்தால் ஏழு. கொஞ்ச நாளில் எண்ணாமலே சொல்கிறார்கள்.

ரோச்செல் கெல்மன், காலிஸ்டல் என்ற இரண்டு உளவியலாளர்கள் எண்ணுதலுக்கு ஐந்து விதிகள் இருப்பதாக 1978-இல் எழுதினார்கள். ஒன்றுக்கு ஒன்று என்பது அதில் முதலாவது. எண்களின் வரிசை மாறக்கூடாது, கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம், எந்தப் பொருளையும் எண்ணலாம், எந்தப் பக்கமிருந்தும் தொடங்கலாம் என்பவை மற்ற நான்கு. இதில் நம் வீடுகளில் கவனிக்காமல் விடுவது மூன்றாவதை. பிள்ளை எட்டு வில்லையை அழகாக எண்ணி முடிப்பான். "சரி, எத்தனை இருக்கு?" என்று கேளுங்கள். மறுபடி முதலிலிருந்து ஒன்று, இரண்டு என்று ஆரம்பித்தால், கடைசி எண்தான் மொத்தம் என்பது இன்னும் மனதில் ஏறவில்லை என்று அர்த்தம். "எனக்கு ஆறு எடுத்துக் குடு" என்றும் சோதிக்கலாம். இருபது வரை ஒப்பிக்கிற பிள்ளை கைநிறைய அள்ளிக்கொடுப்பான். அதைப் பார்த்துப் பயப்படவேண்டாம், இந்த வயதில் சகஜம்.

என்னிடம் வரும் பிள்ளைகளில் சிலர் பத்து வரை தமிழில் எண்ணி, மேலே பர்மியத்துக்குத் தாவிவிடுவார்கள். தாய்மார் சங்கடப்படுகிறார்கள். வரிசை குலையாமல் போகிறவரை நான் தடுப்பதில்லை. ஆனால் பெட்டியில் உள்ள எண் கட்டைகளில் பர்மிய எழுத்து எண்கள் இல்லாதது பெரிய குறை. பஸ்ஸிலும் காலண்டரிலும் கியாட் நோட்டிலும் பிள்ளை பார்ப்பது அதைத்தானே. கட்டைகளின் பின்பக்கம் அழியாத மையில் நானே எழுதிவிட்டேன்.

இப்போது அட்டைகள். இதற்குக் காசு கொடுப்பது வீண். அட்டை மெல்லியது, பின்னால் அச்சடித்த விடை வெளிச்சத்தில் முன்னால் தெரிகிறது. பிள்ளைகளா விடுவார்கள்? அதைவிட மோசம், எண்ணிக்கை கூடக்கூடப் படம் அடைக்கும் இடமும் கூடிக்கொண்டே போகிறது. அதனால் பிள்ளை எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, அட்டை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறது. சோதித்துப் பாருங்கள்: ஐந்து பெரிய பொத்தானைப் பரப்பிவைத்து, பக்கத்தில் எட்டுப் பாசிப்பயறு வையுங்கள். பொத்தான்தான் நிறைய என்று நாலு வயதுப் பிள்ளை அடித்துச் சொல்லும். ஒரு நல்ல அட்டைக்கட்டு இந்த இடத்தில்தான் பிள்ளைக்கு உதவ வேண்டும்.

எல்லா அட்டையையும் ஒரு நொடி காட்டி எத்தனை என்று கேட்கச் சொல்கிறது வழிமுறைத் தாள், ஒன்பது வரைக்கும்! இது பெரியவர்களுக்கே ஆகாத காரியம். ஜெவன்ஸ் என்கிற ஆங்கிலேயப் பொருளியல் அறிஞர் 1871-இல் இதைத் தானே செய்துபார்த்து 'நேச்சர்' இதழில் எழுதினார். வெள்ளைத் தாள் ஒட்டிய ஒரு சின்னப் பெட்டியில் கறுப்பு அவரைவிதைகளை வீசி, விழுந்த கணத்தில் எத்தனை என்று சொல்லிவிட்டுப் பிறகு எண்ணினார். ஆயிரம் தடவைக்கு மேல். மூன்றும் நான்கும் விழுந்தபோது அவர் தப்பியதே இல்லை. ஐந்திலேயே சில தடவை தடுமாறினார், அதற்கு மேல் போகப்போகப் பிழையும் ஏறிக்கொண்டே போனது. அவருக்கே அப்படி என்றால், நாலு வயதுப் பிள்ளையிடம் ஒன்பதைக் கேட்டு முழிக்கவைப்பது என்ன நியாயம்? நாலு வரைக்கும் சட்டென்று காட்டிக் கேளுங்கள். அதற்கு மேல் ஐந்து ஐந்தாகத் தட்டில் அடுக்கிக் காட்டுங்கள், இல்லையென்றால் நின்று பார்த்து மதிப்பிட நேரம் கொடுங்கள்.

மிருகங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யானையைக் கையில் எடுத்த பிள்ளை எண்ணாது, விளையாடும். விளையாடட்டும். இனம் பிரித்து வைக்க உதவும்.

மழைக்காலத்தில் மரவில்லைகளின் சாயம் ஈரக்கையில் ஒட்டியது, சிவப்பு அதிகமாக. தட்டு லேசாக உப்பி, சில குழிகளில் வில்லை இறுகிக்கொண்டது. வெயிலில் காயவைத்ததும் சரியாகிவிட்டது. கரண்ட் மணிக்கணக்கில் போகிற ஊரில், சார்ஜ் தேவைப்படாத ஒரு பொருள் பிள்ளைகளின் கையில் இருப்பது எனக்குப் பெரிய நிம்மதி. கைப்பேசியில் எண் சொல்லித்தரும் விளையாட்டுகள் எத்தனையோ உண்டு. ஆனால் ஜாடியைச் சாய்த்துப் பார்த்தாளே அந்தச் சிறுமி, அது திரையில் நடக்காது.

பெட்டியோடு பழகிய பலன் டீக்கடையில் தெரிகிறது. நம்ம டீக்கடையில் கேட்காமலே சமோசாவும் ஈச்சாக்கொயும் (எண்ணெயில் பொரித்த நீள மாவுப் பலகாரம்) தட்டுகளில் கொண்டுவந்து வைத்துவிடுவார்கள், தின்றதற்கு மட்டும் காசு. என் தம்பி மகன் தட்டைப் பார்த்ததும், "அத்தை, பத்துக்குக் கம்மிதான், ஏழோ எட்டோ" என்றான். பிறகு ஒவ்வொன்றாக விரலால் காட்டி எண்ணினான், எட்டு. நாங்கள் மூன்று தின்றோம். பரிமாறுகிற பையன் வந்து மிச்சத்தை எண்ணிப் பார்க்கும்போது இவன் அந்தப் பையனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான், "அஞ்சு" என்று அவன் சொல்ல வேண்டுமே என்று. சொன்னான். இவனுக்கு அன்றைக்கு நிலைகொள்ளவில்லை.

28,000 கியாட் எல்லோராலும் முடிகிற காசு இல்லை என்று தெரியும். முடியாதவர்கள் ஒரே அளவுப் பாட்டில் இரண்டு, புளியங்கொட்டை ஒரு கை, முட்டை அட்டையிலிருந்து இரண்டுக்கு ஐந்து என்று வெட்டிய ஒரு துண்டு, இவற்றை வைத்தே ஜாடி வேலையும் தட்டு வேலையும் செய்துவிடலாம். ஒன்றும் குறைந்துவிடாது. வாங்குகிறவர்கள் காசு கொடுக்கும் முன் கடையிலேயே பெட்டியைத் திறந்து வில்லைகளை எண்ணிக்கொள்ளுங்கள், ஜாடி மூடியின் திருகு சரியாக ஏறுகிறதா என்றும் பாருங்கள். வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால் வில்லைகளையும் மிருகங்களையும் கைக்கெட்டாத உயரத்தில் வையுங்கள். எல்லாமே வாயில் போட்டு விழுங்கக்கூடிய அளவுதான்.